கூட வந்தவர்கள் வெளியே இருக்கவும்

ஏலக்காரம்மாவின் குரல் அவருடைய தம்பி மகனின் வாயிலிருந்து முதல் தடவையாக வெளியே வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஐஸ் லாரி பின்பக்கமாக வந்து கிடங்கு வாசலை அடைத்து நின்றபோது. "வண்டிய ஓரமாப் போடுறா, போறவங்க வர்றவங்க வழுக்கி விழணுமா?" என்றான் அவன். டிரைவர் மறுபேச்சில்லாமல் ஓரமாகப் போட்டார். துறைமுகத்தில் பல வருஷம் மீன் ஏலம் விட்ட குரல் அது. அது அதட்டினால் படகுகளே நகர்ந்து இடம் விடும் என்பார்கள். வண்டியை நிறுத்திவிட்டு ஏறிட்டுப் பார்த்த பிறகுதான், பேசியது மீசை வைத்த ஓர் ஆள் என்பது டிரைவருக்கு உறைத்தது. மேலே மாடி ஜன்னலோரம் ஏலக்காரம்மா உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஒன்றும் வரவில்லை. அந்த வாரம் ஐஸ் விலையும் கொஞ்சம் ஏறியிருந்தது. கடைத்தெருவில் இரண்டைப் பற்றியும் பேசினார்கள், விலையைப் பற்றிச் சற்று அதிகமாக.

ஏலக்காரம்மாவுக்குக் கணவர் காலமாகி வெகுநாள் ஆயிற்று, பிள்ளைகள் இல்லை. கீழே ஐஸ் கிடங்கு, மேலே வீடு, இரண்டும் அவர் தொண்டையால் சம்பாதித்தவை. கிடங்குத் தரையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்த பிறகுதான் தம்பி மகன் ஒரே ஒரு பையோடு வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தான். "நான் இருக்கேன்ல அத்தை, நீங்க எதுக்குக் கவலைப்படணும்" என்றான். பால் காய்ச்சிக் கொடுத்தான், தலை வாரிவிட்டான், கால் நகம்கூட வெட்டிவிட்டான். பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்க்காது என்று பக்கத்து வீடுகளில் சொன்னார்கள். சொன்னதில் பொய் இல்லை, அவன் அப்படித்தான் பார்த்துக்கொண்டான். மூக்குக்கண்ணாடியின் காது ஒடிந்துவிட்டது என்று பழுதுபார்க்கக் கொண்டுபோனான்; திருப்பிக் கொண்டுவர மறந்துபோனான். அப்புறம் ஒருநாள், "மருந்துக் கடையில கேக்கிறாங்க அத்தை, இங்க ஒரு கையெழுத்து" என்று விரலை வைத்துக் காட்டிய இடத்தில் ஏலக்காரம்மா போட்டுக் கொடுத்தார். தன் சார்பில் தன் தம்பி மகன் பேசுவதற்குத் தனக்கு முழுச் சம்மதம் என்று வங்கிக்கு எழுதிய காகிதம் அது. மறுநாள் விடிந்தபோது குரல் இடம் மாறியிருந்தது.

அந்த ஊரில் இது புதிது இல்லை. கடிகாரம் பழுதுபார்க்கிற பெரியவரின் குரல் இரண்டு வருஷமாக அவர் வீட்டில் குடியிருந்தவனிடம் இருந்தது. விளக்குக் கடைக்காரரின் விதவையுடைய குரலை, அவரைக் கவனித்துக்கொள்ள வந்த பெண் பக்கத்து ஊருக்கே கொண்டுபோய்விட்டாள். என்னவென்று தெரியாமல் கையெழுத்துப் போட்டால், காகிதம் யார் பேரில் இருக்கிறதோ அவர் தொண்டைக்குக் குரல் போய்விடும். டாக்டர் டார்ச் அடித்துக் குரல் போனவர்களின் தொண்டைக்குள்ளே பார்த்தார், புண் ஒன்றுமில்லை, வெந்நீர் குடியுங்கள் என்றார். யாரும் இதை வாய்விட்டுப் பேசவில்லை, ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் ஒரு வயதானவரும் இருந்தார், ஒரு காகிதமும் இருந்தது. எழுபது தாண்டியவர்கள் மட்டும் தங்களுக்குள் எச்சரிக்கையாகிவிட்டார்கள். பார்சல் வந்தால் கதவைத் திறப்பதில்லை. பேனாக்களை அரிசி டப்பாவுக்குள் ஒளித்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எந்தக் காயமும் இல்லாத வலதுகைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, மகன் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் அதை அவிழ்க்காமலே சாப்பிட்டார்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம் வைத்திருந்த நோட்டரிக்கு இதெல்லாம் தெரியும். அவர் ஐம்பதைத் தாண்டிய பெண், அக்காவோடு வசித்தார். சுபாவத்திலேயே பயந்தவர். நாய் குரைத்தால் எதிர்ச்சாரிக்குப் போவார். லிஃப்டில் ஏற மாட்டார். யாராவது சத்தமாகப் பேசினால் உள்ளங்கை வியர்த்து முத்திரை வழுக்கும் என்பதால் மேஜைமேல் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். ஆனால் கையெழுத்து விஷயத்தில் மட்டும் அவரை அசைக்க முடியாது. படிக்கட்டு முடிகிற இடத்தில் 'கூட வந்தவர்கள் வெளியே இருக்கவும்' என்று ஒரு பலகை. மகனோ மகளோ மருமகளோ, யாராக இருந்தாலும் தாழ்வாரத்து நாற்காலியில்தான். உள்ளே பெரியவரும் அவரும் மட்டும். "இது என்ன காகிதம்னு நீங்களே சொல்லுங்க" என்பார். ஆமாம், இல்லை என்று தலையாட்டுகிற கேள்வியைக் கேட்க மாட்டார். பதில் சொல்லும்போது கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார். உதடும் தொண்டையும் அசைகிற அசைவுக்குச் சரியாகச் சத்தம் வருகிறதா என்று பார்ப்பார். சில பேர் இதைக் கிறுக்கு என்றார்கள், அவசரக்காரர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனார்கள். அங்கே இருந்த நோட்டரி எதையும் படிப்பதில்லை, முத்திரை குத்துகிற சத்தம் மட்டும் தெருமுனை வரை கேட்கும். ஊரில் அவருக்கு டமால் என்று பெயர்.

ஏலக்காரம்மாவின் குரல் போய்ச் சில வாரங்கள் கழித்து நோட்டரிக்கு ஒரு போன் வந்தது. எடுத்தவுடனே குரல் யாருடையது என்று தெரிந்தது. "நோட்டரிம்மாவா? ஐஸ் கிடங்குலேர்ந்து பேசறேன். என் தம்பி மகன் பேருல ஒரு பவர் எழுதணும். காகிதத்தை அனுப்பி வைக்கறேன், குத்திக் குடுத்துடு."

"நேர்ல வந்து பாக்கறேன்மா" என்றார் நோட்டரி.

"நேர்ல எதுக்கு? ஊருக்கே தெரிஞ்ச குரல், உனக்குத் தெரியாதா?"

"தெரியுதும்மா. அதனாலதான் வர்றேன்."

போனில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. வயதானவரின் மூச்சாக அது இல்லை. நோட்டரி போனை வைத்துவிட்டுத் துண்டில் கையைத் துடைத்தார். போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தார். ஆனால் போகாவிட்டால் காகிதம் பாலத்தைத் தாண்டிவிடும்.

கிடங்கின் குளிர் மரத்தரை வழியாக மேலே ஏறி வீடு முழுக்க இருந்தது. ஏலக்காரம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்துவரை சால்வை போர்த்தி, தலை படிய வாரி வைத்திருந்தான். பின்னால் நின்று தோளில் கை வைத்திருந்தான். பிடிப்பது போலவும் இல்லை, அழுத்துவது போலவும் இல்லை. பாசமாக வைத்த கைதான். "எல்லாம் எனக்குச் சம்மதம்தாம்மா, குடு, போட்டுடறேன்" என்று ஏலக்காரம்மாவின் குரல் சொன்னது. ஏலக்காரம்மாவின் உதடுகளும் அசையத்தான் செய்தன. ஆனால் அவை அசைந்தது வேறு எதற்கோ. தொண்டைக்குழி எழும்பவே இல்லை. நோட்டரி மெல்லப் பார்வையை உயர்த்தினார். மீசைக்குக் கீழே அவன் உதடு மூடித்தான் இருந்தது, அதன் ஒரு ஓரம் மட்டும் நூல் அளவுக்குத் திறந்திருந்தது. இதில் வெகுநாள் பழகினவன் என்று அவருக்குப் புரிந்தது.

"நீங்க கொஞ்சம் அந்த அறையில இருங்க" என்றார்.

"நான் பக்கத்துல இல்லாட்டி அத்தைக்குப் படபடப்பு வந்துடும்மா."

"சட்டம் அப்படித்தாங்க. கதவையும் சாத்திக்குங்க."

அவன் சிரித்துக்கொண்டே போனான். கதவு சாத்திய மறுநொடி, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏலக்காரம்மாவின் குரல் கூப்பிட்டது. "தம்பி, தனியா விட்டுட்டுப் போகாதடா. எனக்குப் பயமா இருக்கு, உள்ள வாடா." நோட்டரியின் முன்னால் ஏலக்காரம்மா தலையை இடமும் வலமும் ஆட்டினார். சால்வை நழுவி விழுகிற அளவுக்கு ஆட்டினார்.

நோட்டரி நாற்காலியை முட்டிக்கு முட்டி இடிக்கும்படி இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்தக் காகிதம் எதற்கு என்று கேட்டார். ஏலக்காரம்மா மேஜைமேல் இருந்த மருந்து பாட்டிலைக் காட்டினார். அப்போது நோட்டரி பத்திரத்தை மடியில் விரித்து, எது எழுதியிருக்கிறதோ அதை அப்படியே சாதாரணப் பேச்சில் சொன்னார். இது மருந்துக்கு இல்லைம்மா. இதுல கையெழுத்துப் போட்டா, இந்த வீட்டையும் கீழ இருக்கிற கிடங்கையும் அவர் யாருக்கு வேணும்னாலும் விக்கலாம். உங்களைக் கேக்க வேண்டியதில்லை. உங்களை எங்க கொண்டுபோய் விடறதுன்னும் அவரே முடிவு பண்ணலாம். ஏலக்காரம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் வெளுத்தது. பிறகு வாயை அகலத் திறந்தார். அலறல் பக்கத்து அறையிலிருந்து வந்தது.

ஏலம் விட்ட தொண்டையின் அலறல். கதவு அதிர்ந்தது. அதைத் தொடர்ந்து அவன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்ட சத்தமும், நாற்காலி ஒன்று சாய்ந்த சத்தமும் கேட்டன. ஏலக்காரம்மாவும் நோட்டரியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குரல் போன இடத்திலும் அது இன்னும் அவருடையதுதான். அடிவயிற்றிலிருந்து இழுத்தால் அங்கிருந்து பேசும். நோட்டரி அடுத்த கேள்வியைக் கேட்டார், இதில் கையெழுத்துப் போடுவது பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று. ஏலக்காரம்மா மூச்சைப் பிடித்தார். "மாட்டேன்! என் வீட்டை விக்க மாட்டேன்! அந்த நாய் முதல்ல என் கண்ணாடியைக் குடுக்கட்டும்!" என்றது கதவுக்குப் பின்னால் இருந்த வாய். பிறகு ஏதோ துணியைக் கடித்தது போல் குரல் அமுங்கியது.

நோட்டரி பத்திரத்தை மடித்தார். என்னால் இதற்குச் சான்று கொடுக்க முடியாது என்று எழுதி, காரணமும் எழுதி, தேதி போட்டார். வெளியே வந்தபோது அவன் கதவருகே நின்றிருந்தான். வாய் ஓரத்தில் கடித்த துணியின் நூல் ஒட்டியிருந்தது. கோபமே இல்லை அவன் முகத்தில். "பாத்துப் போங்கம்மா, கீழ வழுக்கும்" என்றான். நோட்டரி கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

அன்றே அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். முதியோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதினார். விசாரிக்க ஆள் அனுப்புகிறோம், ஆள் குறைவாக இருக்கிறது, வரிசைப்படிதான் வருவார்கள் என்று பதில் வந்தது. வங்கி மேலாளரைப் பார்த்தார். ஏலக்காரம்மாவே தினமும் போனில் பேசுகிறாரே, குரல் எங்களுக்குத் தெரியாதா என்றார் மேலாளர். கடைசியாக ஊரில் இருந்த மற்ற நோட்டரிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தார், டமாலுக்கும் சேர்த்து. "ஒரு அத்தையும் தம்பி மகனும் வருவாங்க. குரலை நம்பாதீங்க. வாயைப் பாருங்க" என்றார். டமால் சிரித்தார். "எனக்கு எதையும் பாத்துப் பழக்கமில்லையேம்மா" என்றார்.

இரண்டொரு நாளில் அவன் நோட்டரியின் அலுவலகத்துக்கு வந்தான். நல்ல வெயில் நேரம், கீழே கண்ணாடிக் கடையில் ஆட்கள் இருந்தார்கள். கட்சிக்காரர்கள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கிழவரின் குரலில் வணக்கம் சொன்னான். நோட்டரிக்கு அது யார் என்று தெரியவில்லை. அடுத்து ஒரு கிழவியின் குரலில், மகளைக் காணவில்லை என்று அழுதான். அதற்கடுத்து மூச்சிரைக்கிற ஒரு குரல், தண்ணீர் கேட்டது. முகம் மட்டும் ஒரே முகமாக இருந்தது, அமைதியாக, கால்மேல் கால் போட்டுக்கொண்டு. எத்தனை ஊர், எத்தனை வீடு என்று நோட்டரியால் கணக்குப் பார்க்க முடியவில்லை. அவர் பார்க்கவும் விரும்பவில்லை. கடைசியாக அவன் தன் சொந்தக் குரலில் பேசினான். மெலிந்த குரல், அதிகம் உபயோகித்ததாகவே தெரியவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை கையெழுத்து போடுவீங்க? எல்லாத்தையும் படிச்சுட்டாப் போடுவீங்க? என்னைக்காவது ஒருநாள் கண்ணு அசரும்மா. நான் காத்திருப்பேன்."

அன்றிலிருந்து நோட்டரிக்குச் சோறு இறங்கவில்லை. கையெழுத்துதான் அவர் தொழில். அதைப் போடாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு காகிதத்தையும் முன்னும் பின்னும் திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முதலிலிருந்து கடைசி வரை படித்தார். தாழ்வாரத்தில் கூட்டம் படிக்கட்டு வரை நின்றது. தண்ணீர் கேன் கொண்டுவந்தவரின் ரசீதில் கையெழுத்துப் போட மறுத்து, அவரைக் கோபத்தோடு திருப்பி அனுப்பினார். வீட்டில் அக்கா மின்கட்டணச் சீட்டை நீட்டியபோது, அக்காவின் வாயைப் பார்த்தார். "என்னடி என்னையே இப்படிப் பாக்கற?" என்று அக்கா அழுதுவிட்டார். இருந்தும் ஒரு வெள்ளிக்கிழமை, சான்றிதழ் நகல்கள் கட்டுக் கட்டாக வந்து குவிந்த மத்தியானத்தில், கண் அசந்தது. பேனா ஒரு தாளில் இறங்கி அவர் பெயரின் முதல் எழுத்தான 'வ'வை எழுதி முடித்த பிறகுதான், அந்தத் தாளில் நகல் எதுவும் இல்லை, தட்டச்சு செய்த நாலு வரி இருக்கிறது என்பது தெரிந்தது. பேனாவை நெருப்பு பட்டது போல் எறிந்தார். தாளை நாலாகக் கிழித்தார். யார் கொண்டுவந்த கட்டில் அது இருந்தது என்று திரும்பிப் பார்ப்பதற்குள் தாழ்வாரத்தில் யாரோ இறங்கிப் போகிற காலடிச் சத்தம் கேட்டது. அடுத்த ஆளை உள்ளே கூப்பிட வாயெடுத்தார். "ஆங்க" என்றுதான் வந்தது.

அந்த ஒரு எழுத்து போய்விட்டது. சொல்லுக்கு நடுவில் இருந்தால் தட்டுத் தடுமாறி வந்தது. தொடக்கத்தில் இருந்தால் அறவே வரவில்லை. வேண்டாம் என்பது ஏண்டாம் ஆயிற்று. வலி என்பது அலி ஆயிற்று. அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் வீடு என்று சொல்ல வாயெடுத்தால் ஈடு என்று வந்தது. ஒரு நோட்டரி பத்திரத்தைப் படித்துக் காட்டும்போது வீட்டை ஈடு என்றால், கேட்கிறவர் அடமானம் வைக்கத்தான் தன்னைக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று எழுந்து ஓடிவிடுவார். அதனால் இடம், கட்டடம், மனை என்று சுற்றிச் சுற்றிச் சொல்லப் பழகிக்கொண்டார். அவருக்குத் தூக்கம் போனது வேறு காரணத்தால். எங்கேயோ அவன் தன் மெலிந்த குரலுக்கு நடுவில், 'வ' வருகிற இடத்தில் மட்டும் அவர் குரலில் பேசிக்கொண்டிருப்பான்.

திங்கட்கிழமை பத்து மணி வாக்கில் டமால் போன் செய்தார். எப்போதும் இரைந்து பேசுகிறவர், கிசுகிசுத்தார். "அவங்க வந்திருக்காங்கம்மா. பாக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன், பாத்துட்டேன். அந்தம்மா வாய் ஒண்ணு சொல்லுது, சத்தம் ஒண்ணு சொல்லுது. மை காஞ்சுபோச்சுன்னு சொல்லி உக்கார வெச்சிருக்கேன். எவ்வளவு நேரம் மை காயும்? சீக்கிரம் வாங்க."

நோட்டரி வங்கிக் காகிதத்தை ரத்து செய்கிற பத்திரத்தை கிடங்கு வீட்டுக்குப் போய்வந்த வாரத்திலேயே தயார் செய்து வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டார், கீழே கண்ணாடிக் கடையில் வயதானவர்கள் போடுகிற ஒரு கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார், பாலத்தைத் தாண்டி ஓடினார். வழியில் நாய் ஒன்று குரைத்தது. அவர் எதிர்ச்சாரிக்குப் போகவில்லை, அதைக் கவனிக்கவே இல்லை. இதற்குள் டமால் இன்னொரு முத்திரைத்தாள் குறைகிறது என்று சொல்லி, அவனைக் கீழே கடைக்கு அனுப்பியிருந்தார். கடையில் வரிசை நீளமாக இருந்தது. அத்தையைக் கூடவே தள்ளிக்கொண்டு போகிறேன் என்று அவன் சொன்னானாம். படிக்கட்டில் சக்கர நாற்காலியை இறக்கி ஏற்றுவதற்குள் நான் சாப்பிடப் போய்விடுவேன் என்று டமால் சொல்லிவிட்டாராம். நோட்டரி பின்பக்கப் படி வழியாக ஏறினார்.

ஏலக்காரம்மா மெலிந்திருந்தார். நோட்டரி கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டி, பத்திரத்தைக் கையில் கொடுத்தார். வாய்விட்டும் படித்துக் காட்ட வேண்டும், அதுதான் முறை. படிக்கத் தொடங்கினார், முதல் வரியிலேயே 'வங்கி' இருந்தது. டமால் எட்டிப் பார்த்து, "வங்கி" என்று எடுத்துக் கொடுத்தார். அப்படியே இருவருமாகப் படித்தார்கள், ஒருவர் சொல்ல முடியாததை மற்றவர் சொல்லி. தொழிலுக்கு வந்த இத்தனை வருஷத்தில் டமால் ஒரு பத்திரத்தை முழுசாகப் படித்தது அன்றைக்குத்தான். படித்து முடித்து, "இது என்னன்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்றார் நோட்டரி.

ஏலக்காரம்மா இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தார். பதில் தெருவிலிருந்து வந்தது. முத்திரைத்தாள் வரிசையின் நடுவில் நின்றிருந்த மீசைக்காரனின் வாயிலிருந்து, கடல்வரை கேட்கிற குரலில் வந்தது. "நான் குடுத்த காகிதத்தை நானே ரத்துப் பண்றேன்! என் சார்பா இனிமே இவன் பேசக் கூடாது!" ஜன்னல் வழியாக அது நன்றாகக் கேட்டது. வரிசையில் இருந்தவர்கள் விலகி வட்டமாக நின்றார்கள்.

"இது யாரோட இஷ்டம்?" என்று கேட்டார் நோட்டரி. அவர் குரலே அவருக்குக் கேட்கவில்லை, காதில் அவ்வளவு இரைச்சல்.

"என் இஷ்டம்! யாரும் சொல்லிக் குடுக்கலை!" என்றான் அவன் தெருவில், இரண்டு கையாலும் தன் தாடையை அழுத்திப் பிடித்துக்கொண்டே. பிறகு ஓடிவந்தான். படிக்கட்டில் காலடி தடதடவென்று ஏறியது. டமால் கதவைத் தாழிட்டு, தன் முதுகை அதில் கொடுத்து நின்றார். ஏலக்காரம்மா பேனாவை வாங்கினார். அவர் கையெழுத்து நீளமானது; தகப்பன் பெயர், கணவர் பெயர், தன் பெயர் எல்லாம் உண்டு. கதவு இடிபட்டது. அவர் அவசரப்படவில்லை, அன்றைக்கு அவன் விரல் காட்டிய இடத்தில் போட்டதை இப்போது படித்துப் பார்த்துப் போட்டார். நோட்டரி துண்டு கொண்டுவர மறந்திருந்தார். உள்ளங்கையைப் புடவையில் துடைத்துவிட்டு முத்திரையைக் குத்தினார். தாழ்ப்பாள் பெயர்ந்தது அதற்குப் பிறகுதான்.

அவன் உள்ளே வந்து அத்தை என்று கூப்பிட வாயைத் திறந்தான். வேறொரு கிழவரின் குரல் வந்தது. "போடா வெளிய" என்றார் ஏலக்காரம்மா, தன் சொந்த வாயால். மேஜைமேல் இருந்த மை டப்பா அதிர்ந்து ஒரு அங்குலம் நகர்ந்தது. அவன் ஒருவர் ஒருவராகப் பார்த்தான். நோட்டரியைப் பார்த்துச் சிரித்து, "வர்றேன்" என்றான். அந்தச் சொல்லின் முதல் எழுத்து பெண்குரலில் இருந்தது. போலீஸ் வருவதற்குள் மத்தியான பஸ்ஸில் போய்விட்டான். எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தான் என்று கண்டக்டரைக் கேட்டபோது, டிக்கெட் கேட்டது வயதான ஒரு பெண்மணி என்று அவர் சத்தியம் செய்தார்.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஆயின. ஏலக்காரம்மாவின் குரல் திரும்பியதே தவிர அடுத்தவன் தொண்டையில் கிடந்த பழக்கம் கொஞ்சம் அதில் தங்கிவிட்டது. திடீரென்று, நடுப்பேச்சில், "நான் இருக்கேன்ல, எதுக்குக் கவலைப்படணும்" என்று தேனாக ஒரு வாக்கியம் வரும். அவரே பயந்து வாயைப் பொத்திக்கொள்வார், தண்ணீர் குடிப்பார், பிறகு பேசுவார். கிடங்கை அவர் தன் விருப்பப்படி, தன் விலைக்கு, மாடி ஜன்னலில் நின்று தானே ஏலம் விட்டு விற்றார். வீட்டை விற்கவில்லை. டமால் இப்போது பத்திரங்களைப் படிக்கிறார். அவரிடமும் கூட்டம் படிக்கட்டு வரை நிற்கிறது, பாதிப் பேர் திட்டுகிறார்கள். நோட்டரி வாரம் ஒருமுறை வெளியூர் நோட்டரிகளுக்கு எழுதுகிறார், மீசைக்காரன் ஒருவனைப் பற்றி. மீசையை எடுத்துவிட்டிருப்பான் என்றும் எழுதுகிறார். வீட்டுக் கதவுக்கு மூன்று தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். போன் மணி அடித்தால் எடுத்து, எதிர்ப்பக்கம் பேசும்வரை பேசாமல் இருக்கிறார்.

குடியிருந்தவனுக்குக் கொடுத்த காகிதத்தை ரத்து செய்ய, கடிகாரக்காரரைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்தவர்கள் அவருடைய பேத்திகள். அதற்கடுத்து ஒருவர் ஒருவராக வந்தார்கள். போன மாதம், நல்ல உடை உடுத்திய ஒரு மகன் தன் தாயாரை உள்ளே அனுப்பிவிட்டு, தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பக்கமும் ஆட்கள் காத்திருந்தார்கள். உள்ளே நோட்டரி கேள்வி கேட்பது மெல்லக் கேட்டது. திடீரென்று அந்த மகனின் வாய் திறந்து, ஒரு வயதான பெண்ணின் குரலில், "இவனுக்குப் பயந்துதாம்மா வந்தேன்" என்றது. அவன் போனைக் கீழே போட்டான். தாழ்வாரத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. எதிரே இருந்த பெண் தன் முறைச் சீட்டைப் பார்த்துவிட்டு மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர், தும்மினவனுக்கு இடம் விடுவது போல, நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.